துண்டுச் சீட்டும் இராஜினாமாக் கடிதமும்

கண்டிச் சீமையின் பழைய தோட்டக் கணக்குகளில் 'துண்டு' என்றொரு தாள் அடிக்கடி தலைகாட்டும். ஒரு கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், தோட்டத் துரை அவர் கையில் கொடுத்த சின்னத் தாள் அது. இத்தனை ஆட்கள், இவர்கள் பேரில் நிற்கும் கடன் இத்தனை ரூபாய், அந்தத் தொகையைக் கட்டுகிறவர் இவர்களை அழைத்துக்கொண்டு போகலாம். எழுதியிருப்பது அவ்வளவுதான். கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். எந்தத் துரை பணம் கட்டச் சம்மதிக்கிறாரோ அங்கே மொத்தக் கூட்டமும் மூட்டை முடிச்சோடு இடம்பெயரும். கட்டிய பணம் மறுபடி அதே ஆட்கள் பேரில் கடனாக ஏறும். அடுத்த துண்டில் தொகை இன்னும் பெரிதாக இருக்கும்.

அந்தக் கடன் எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து கண்டி மலைவரை வந்து சேர்ந்த வழிச்செலவு, கங்காணி கொடுத்த முற்பணம், அரிசி, குளிருக்குப் போர்த்தக் கம்பளி என்று எல்லாமே தொழிலாளியின் பேரில் பற்று எழுதப்பட்டன. முன்னறிவித்தல் கொடுக்காமல் ஒருவர் தோட்டத்தை விட்டு இறங்கினால் அது குற்றம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி அவரைச் சிறைக்கும் அனுப்பலாம். துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது 1921இல்தான்.

இன்று கண்டியில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் எவரும் ஒப்பந்தத்தில் சொன்ன முன்னறிவித்தலைக் கொடுத்துவிட்டுப் போகலாம். பொலிஸ் தேடி வராது. இருந்தும் வங்கிக் கிளையிலும், பல்லேகல தொழிற்பேட்டையிலும், கச்சேரியிலும், பாடசாலை ஆசிரியர் அறையிலும் வேண்டாவெறுப்பாக வந்து உட்காருகிறவர்கள் வருடக்கணக்கில் ஒரே கேள்வியைச் சுமந்து திரிகிறார்கள்: இருப்பதா, போவதா?

உளவியலாளர்களும் பொருளியலாளர்களும் இந்தக் கேள்வியை அரை நூற்றாண்டாக அளந்து பார்த்து வருகிறார்கள். அவர்களுடைய முடிவுகளைச் சேர்த்து வாசித்தால் ஒன்று தெளிவாகிறது. பிடிக்காத வேலையில் ஒருவரை நிறுத்தி வைப்பவை இரண்டு வகை. ஒன்று, ஏற்கெனவே செலவாகிப்போனவற்றின் கணக்கு. அது நம் மனம் தானே எழுதி வைத்துக்கொள்ளும் துண்டு. மற்றது, போனால் இனிமேல் உண்மையிலேயே கொடுக்க வேண்டிய விலை. இரண்டையும் ஒரே பற்றேட்டில் எழுதிக் கூட்டும்போதுதான் முடிவு குழம்பிப் போகிறது.

போட்ட காசு

அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் ஆகிய இருவரும் செய்த சோதனையொன்று 1985இல் வெளியானது. அங்குள்ள நாடக அரங்கில் பருவச் சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலை. சிலருக்கு, அவர்கள் எதிர்பாராத நேரத்தில் தள்ளுபடி. யாருக்குத் தள்ளுபடி என்பது குருட்டு வாக்கில் தீர்மானிக்கப்பட்டது. எல்லோருக்கும் அதே நாடகங்கள்தான். ஆனால் பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிகமான நாடகங்களுக்கு வந்தார்கள். போனாலும் போகாவிட்டாலும் கொடுத்த காசு திரும்பாது. இருந்தும் அந்தக் காசு அவர்களை அரங்குக்கு இழுத்து வந்தது. பொருளியலில் இதற்கு 'மூழ்கிய செலவு' என்று பெயர்.

கண்டி மலைகளே இதற்குப் பெரிய சாட்சி. 1869இல் இலங்கைக் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் துரு தென்பட்டது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சையின் வேலை அது. சந்தையில் விலை உயர்ந்திருந்த 1870களில், நோயைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தோட்டக்காரர்கள் மேலும் மேலும் காடு வெட்டிக் கோப்பி நட்டார்கள். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இலங்கைக்கு வந்து, அந்தப் பூஞ்சை எப்படிப் பரவுகிறது என்பதை ஆராய்ந்து விளக்கினார். மருந்து கிடைக்கவில்லை. காடு வெட்டிய செலவையும், லயம் கட்டிய செலவையும், வங்கியில் வாங்கிய கடனையும் நினைத்துக் கோப்பியை விடாமல் நின்றவர்கள் அதோடு சேர்ந்து விழுந்தார்கள். அவர்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி 1884இல் கதவைச் சாத்தியது.

வேலை விடயத்தில் இதே கணக்கு வேறு சொற்களில் வரும். "பதினஞ்சு வருஷம் போட்டாச்சு, இனி எங்க போறது?" அந்தப் பதினைந்து வருடங்கள், இருந்தாலும் போனாலும் செலவானவைதான். கேட்க வேண்டியது அடுத்த ஐந்து வருடங்கள் எதைத் தரும், எதை எடுக்கும் என்பதை.

ஆனால் காத்திருக்கும் எல்லோரும் இந்தப் பொறியில் விழுந்தவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. இலங்கைச் சட்டத்தில் சில திகதிகளுக்கு உண்மையான பணமதிப்பு உண்டு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் நிறைத்த மாதச் சம்பள ஊழியருக்கு, சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கிடைக்க வேண்டும். தானாக விலகினாலும் இது உண்டு. நான்கு வருடம் எட்டு மாதத்தில் இருக்கும் ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் நான்கு மாதம் இருந்தால் இரண்டரை மாதச் சம்பளம் கையில் வரும். அவர் காத்திருப்பது விவேகம். பதினைந்து வருடத்தைச் சொல்லிக் காத்திருப்பது வேறு.

இன்னொரு பயம், "ஈபிஎஃப் போயிரும்" என்பது. ஊழியரின் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் சேரும் ஊழியர் சேமலாப நிதி அவரவர் பேரிலேயே இருக்கிறது. வேலை மாறினால் அது அழிவதில்லை. வழக்கமாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். அரச ஊழியரின் ஓய்வூதியம் அப்படிப்பட்டதன்று. இடையில் இராஜினாமா செய்கிறவர் பொதுவாக அந்த உரிமையை இழக்கிறார். ஆகவே "கவர்மென்ட் வேலைய விட்டுட்டுப் போறதா, பென்ஷன் இருக்குல்ல?" என்று தாய் தகப்பன் கேட்பதில் வெறும் பழைமைவாதத்துக்கு மேலான கணக்கு இருக்கிறது. தனியார் துறையில் கண்ணுக்குத் தெரியாத விலை இன்னொன்று: 1971ஆம் ஆண்டின் வேலை நீக்கச் சட்டம் தரும் பாதுகாப்பு, முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 180 நாட்களாவது வேலை செய்தவர்களுக்குத்தான். புது இடத்தில் அந்த நாட்களை முதலிலிருந்து எண்ண வேண்டும்.

இந்த உண்மையான விலைகளையும் மனம் பெருக்கித்தான் பார்க்கும். டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் முன்வைத்த கோட்பாட்டின் சாரம் இது: ஒரே அளவு இலாபம் தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு நட்டம் தரும் வலி அதிகம். 1992இல் அவர்கள் கணித்த விகிதம் ஏறத்தாழ இரண்டே கால் மடங்கு. இருக்கும் நாற்காலியும் தெரிந்த முகங்களும் நட்டப் பக்கத்தில் கொழுத்துத் தெரிவதும், வரப்போகும் வேலையின் நன்மைகள் மெலிந்து தெரிவதும் இதனால்தான்.

உடம்பில் விழும் பற்று

பிடிக்காத வேலையில் இருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. அது சம்பளச் சீட்டில் வராது.

1979இல் ரொபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர், வேலைகளை இரண்டு அளவுகோல்களால் அளக்கலாம் என்றார்: எவ்வளவு நெருக்குதல், எவ்வளவு சுய தீர்மானம். நெருக்குதல் அதிகமாக இருந்தும் முடிவெடுக்கும் உரிமை கையில் இருந்தால் மனிதர்கள் சமாளித்துக்கொள்கிறார்கள். நெருக்குதலும் அதிகம், கையில் எந்த முடிவும் இல்லை என்ற வேலைதான் உடைக்கிறது. கலஹாவிலோ புசல்லாவையிலோ கொழுந்து எடுக்கும் பெண்ணின் நாளை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். எந்த மலை, எத்தனை மணிக்கு, எத்தனை கிலோ என்பது எல்லாம் மேலிருந்து வருகிறது. மழையில் கொழுந்து குறைந்து, குறித்த கிலோ எட்டாமற்போனால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். நிறுக்கும்போது தண்ணீருக்கென்றும் கூடைக்கென்றும் கழிக்கும் கிலோவைப் பற்றி அவளிடம் யாரும் கேட்பதில்லை.

இலண்டன் அரச ஊழியர் 10,308 பேரை 1985 முதல் தொடர்ந்து கவனித்து வரும் 'வைட்ஹோல் 2' ஆய்வு, இந்தக் கருத்துக்கு மருத்துவச் சான்று சேர்த்தது. வேலையில் சுய தீர்மானம் குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் அபாயம் கூடுதலாக இருந்தது என்று 1997இல் அதன் முடிவுகள் வெளியாயின. மேசையில் உட்கார்ந்து செய்யும் உத்தியோகத்திலேயே இந்த வித்தியாசம் தெரிந்ததுதான் பலரையும் திகைக்க வைத்தது.

அடுத்த கேள்வி இயல்பானது. எந்த வேலையாவது, வேலை இல்லாமல் இருப்பதைவிட மேல்தானே? அவுஸ்திரேலியாவில் பீற்றர் பட்டர்வேர்த் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு 'இல்லை' என்றது. வேலையற்று இருந்து, பின்னர் மிக மோசமான வேலையொன்றில் சேர்ந்தவர்களின் மனநலம், தொடர்ந்து வேலையற்றே இருந்தவர்களுடையதைவிடக் கூடுதலாகச் சரிந்தது. 2018இல் பிரித்தானியாவில் தாரணி சந்தோலாவும் நன் ஷாங்கும் செய்த ஆய்வு, இரத்தப் பரிசோதனை முதலிய உடற்குறிகளைக் கொண்டு அளந்து இதே திசையைக் காட்டியது. மோசமான வேலைக்குத் திரும்பியவர்களின் உடலில் நாட்பட்ட மன அழுத்தத்தின் தடயங்கள் அதிகம்.

இதை வாசித்த கையோடு கண்டியில் யாரும் கடிதம் எழுத உட்காரக் கூடாது. அவுஸ்திரேலியாவிலும் பிரித்தானியாவிலும் வேலையற்றவருக்கு அரசு ஏதோ ஒரு தொகை கொடுக்கிறது. இலங்கையில் வேலையின்மைக் காப்புறுதி இல்லை. இங்கே அடுத்த மாத அரிசியும் மின்சாரக் கட்டணமும் சேர்ந்துதான் மனநலம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் வேலைச் சோர்வை ஒரு தொழில்சார் நிலையாக வரையறுத்தது. அதன் அடையாளங்கள் மூன்று: சக்தி வற்றிப்போதல், வேலையின் மீது வெறுப்பு கலந்த விலகல், செய்வது எதுவும் உருப்படவில்லை என்ற உணர்வு. மூன்றும் சேர்ந்து மாதக்கணக்கில் நீடித்தால் அதைச் சோம்பல் என்று தட்டிக்கழிக்க முடியாது.

தேனிலவு முடிந்த பிறகு

விட்டுப் போனால் துன்பம் தீருமா? வெண்டி பொஸ்வெல் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு, உயர் பதவியில் இருந்த மேலாளர்களை ஐந்து வருடம் பின்தொடர்ந்தது. தாமாக வேலை மாறியவர்களின் திருப்தி, மாறுவதற்கு முன் சரிந்து, மாறியவுடன் சட்டென்று ஏறியது. பிறகு மறுபடி இறங்கியது. ஆய்வாளர்கள் இதைத் தேனிலவு என்றும் அதற்குப் பின்வரும் தலைவலி என்றும் அழைத்தார்கள். வேலை மாறாதவர்களின் கோடு பெரிய ஏற்ற இறக்கமின்றிப் போனது.

அதற்கு இருபது வருடம் முன்பே, பரி ஸ்டோ, ஜெரி ரோஸ் இருவரும் ஒரு சங்கடமான உண்மையைக் காட்டியிருந்தார்கள். பல்லாயிரம் அமெரிக்க ஆண்களின் நீண்டகாலத் தரவுகளில், ஒரு வேலையில் திருப்தியில்லாமல் இருந்தவர், முதலாளியும் தொழிலும் மாறிய பிறகும் திருப்தியில்லாமல் இருக்கும் வாய்ப்பு எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்தது. 1989இல் ரிச்சர்ட் ஆர்வி குழு, சிறு வயதிலிருந்தே பிரித்து வளர்க்கப்பட்ட 34 ஒத்த இரட்டையர் சோடிகளை ஆராய்ந்தது. வேலைத் திருப்தியில் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 30 சதவீதம் பரம்பரையோடு தொடர்புடையது என்பது அவர்கள் மதிப்பீடு. ஆய்வு சிறியது, ஆகவே எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. மிச்சம் 70 சதவீதம் வேறு காரணங்களுக்கு இருக்கிறது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

இவற்றிலிருந்து ஒரு சோதனை பிறக்கிறது. துன்பத்தின் வேர் எதுவென்று பெயர் சொல்ல முடிகிறதா? ஒரு மேலதிகாரி, இரவு முறை, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் தினமும் நின்று போகும் நேரம், நியாயமில்லாத பதவி உயர்வு என்று சுட்டிக் காட்ட முடிந்தால், அது வேலையோடு சேர்ந்தது. வேலை மாறினால் மாறக்கூடியது. எந்த இடத்தில் சேர்ந்தாலும் ஒன்றரை வருடத்தில் அதே கசப்பு வருகிறதென்றால், அடுத்த இராஜினாமாக் கடிதம் அதற்கு மருந்தாகாது.

நாணயம் சொன்ன பதில்

தவிப்பவர்கள் போனால் நல்லதா, இருந்தால் நல்லதா என்பதை நேரடியாகச் சோதிப்பது கடினம். போகிறவர்களும் இருப்பவர்களும் ஆரம்பத்திலேயே வேறுபட்டவர்கள். சிக்காகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட் 2013இல் ஒரு துணிச்சலான வழி கண்டுபிடித்தார். பெரிய முடிவொன்றில் தடுமாறுகிறவர்கள் அவருடைய தளத்துக்கு வந்து ஒரு நாணயத்தைச் சுண்டிவிடலாம். ஒரு பக்கம் விழுந்தால் மாற்றம் செய், மறுபக்கம் விழுந்தால் அப்படியே இரு. ஒரு வருடத்தில் 20,000க்கும் மேற்பட்ட தடவைகள் நாணயம் சுண்டப்பட்டது. வேலையை விடுவதா என்பது அங்கே அடிக்கடி வந்த கேள்விகளில் ஒன்று.

எல்லோரும் நாணயத்துக்குக் கீழ்ப்படியவில்லை. ஆனால் 'மாற்று' என்று விழுந்தவர்கள் மாற்றம் செய்யும் வாய்ப்புக் கூடியது. ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, பெரிய முடிவுகளில் மாற்றம் செய்தவர்கள், செய்யாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். 2021இல் வெளியான கட்டுரையில் லெவிட் வந்தடைந்த முடிவு, வாழ்க்கையைப் பெரிதாக மாற்றும் தேர்வுகளின் முன்னால் மக்கள் தேவைக்கு மேல் தயங்குகிறார்கள் என்பது.

இதற்கும் எல்லை உண்டு. நாணயம் சுண்ட வந்தவர்கள் ஏற்கெனவே சரிபாதித் தவிப்பில் இருந்தவர்கள். மனத்துக்குள் அவர்கள் பாதி தூரம் போயிருந்தார்கள். வேலை பிடித்தும் ஒரு வாரம் சலித்துப்போனவருக்கோ, மூன்று பிள்ளைகளோடு ஒற்றைச் சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கோ இந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது.

கச்சேரியை விட்டவர், தோட்டத்தில் நின்றவர்

கண்டியில் வேலை பார்த்த இருவரின் கதை, ஆய்வுகளின் வரைபடத்துக்கு முகம் கொடுக்கிறது.

லெனார்ட் வூல்ஃப் 1904இல் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்து, யாழ்ப்பாணத்துக்குப் பிறகு 1907இல் கண்டிக் கச்சேரிக்கு வந்தார். அசுர உழைப்பாளி, மேலிடம் மெச்சிய அதிகாரி. கோவைகளைத் தவிர, போகம்பறைச் சிறையில் தூக்குத் தண்டனைகள் நிறைவேறும்போது அரச அதிகாரியாக நேரில் நிற்பதும் அவருடைய கடமைகளில் ஒன்றாக இருந்தது. 1908இல் அம்பாந்தோட்டைக்கு உதவி அரசாங்க அதிபரானார். வேலை பிடிக்காமற்போனதென்று ஒற்றை வரியில் சொல்ல முடியாது. மாவட்டத்தை நேசித்தார், ஆளுகிறவனாக இருப்பது அவரை உறுத்திக்கொண்டே போனது.

1911இல் ஒரு வருட விடுமுறையில் இங்கிலாந்து போனார். வேறொரு வாழ்க்கையை உள்ளேயிருந்து பார்க்க அந்த வருடம் உதவியது. விடுமுறையை நீட்டிக்கக் கேட்டார். காரணம் சொல்லச் சொன்னது குடியேற்ற நாடுகளின் அலுவலகம். காரணம் சொல்ல விரும்பாமல் 1912இல் சேவையிலிருந்து விலகினார். பின்னாளில் எழுத்தாளராகப் பெயர்பெற்ற வர்ஜீனியாவிடம் திருமணம் கேட்டிருந்தார். விலகல் நடைமுறைக்கு வந்தபோது அவர் இன்னும் சம்மதம் சொல்லியிருக்கவில்லை. மறு வருடம் அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமத்தைப் பற்றி வூல்ஃப் எழுதிய நாவல் வெளியானது. 1917இல் இருவரும் சேர்ந்து ஹோகார்த் பதிப்பகத்தைத் தொடங்கினார்கள்.

தோமஸ் லீ, டெரன்ஸ் மிச்சல் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் சொன்னது வூல்ஃபுக்கு நன்றாகப் பொருந்தும். மனிதர்கள் வேலையை விடுவது திருப்தி மெல்லக் குறைந்து பூச்சியத்தைத் தொடும்போது மட்டுமன்று. பல வேளைகளில் ஓர் 'அதிர்வு' வேண்டியிருக்கிறது. அது ஒரு கடிதமாக, பதவி உயர்வாக, பிள்ளை பிறப்பாக, நண்பர் ஒருவரின் புறப்பாடாக இருக்கலாம். அதுவரை பின்னணியில் கிடந்த கேள்வி, அந்த அதிர்வோடு மேசைக்கு வந்துவிடுகிறது.

மற்றவர் ஜேம்ஸ் டெய்லர். 1852இல் பதினாறு வயதில் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த இவர், ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துரத் தோட்டத்தில் நாற்பது வருடம் இருந்தார். தோட்டத்தை விடவில்லை, வேலையை உள்ளிருந்தே மாற்றினார். எல்லோரும் கோப்பியைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். பங்களா வராந்தாவில் மேசை போட்டுக் கொழுந்தைக் கையால் உருட்டி, மண் அடுப்பில் கரி நெருப்பின் மேல் காய வைத்துத் தேயிலை செய்து பார்த்தார். ஏமி ரெஸ்னெவ்ஸ்கி, ஜேன் டட்டன் ஆகிய ஆய்வாளர்கள் 2001இல் 'வேலையைச் செதுக்குதல்' என்று எழுதியது இத்தகைய செயலைத்தான். அவர்கள் பார்த்தது மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களை. அதே சம்பளம், அதே துடைப்பம், ஆனால் சிலர் நோயாளியைத் தேற்றுவதையும் தம் வேலையாக எடுத்துக்கொண்டு அதில் நிறைவு கண்டார்கள்.

டெய்லருக்கு வராந்தாவும் 19 ஏக்கரும் சுதந்திரமும் இருந்தன. அவர் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர்களுக்கு அவை இருக்கவில்லை. செதுக்குவதற்குக் கையில் உளி வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நாற்பது வருட விசுவாசம் அவரைக் காப்பாற்றவில்லை. 1892இல் தோட்டத்தை விட்டுப் போகும்படி நிர்வாகம் சொன்னது. அவர் நகரவில்லை. அதே வருடம் மே மாதம் வயிற்றுக்கடுப்பில் இறந்தார். கண்டி மஹய்யாவ மயானத்தில் கல்லறை இருக்கிறது.

கதவைத் திறந்து வைத்துப் போவது

2022 இலங்கை முழுவதற்கும் ஓர் அதிர்வு. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. மாதச் சம்பளம் அதே எண். அது வாங்கும் பொருள் சுருங்கியது. அந்த ஒரே வருடத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கெனப் பதிந்து புறப்பட்டவர்கள் 3 இலட்சத்துக்கும் மேல். 2023 ஜனவரியில் மாதம் ஓர் இலட்சம் ரூபாய்க்கு மேல் சம்பாதித்தவர்கள் வருமான வரிக்குள் வந்தார்கள். உச்ச வீதம் 36 சதவீதம். பேராதனைப் பல்கலைக்கழக விரிவுரையாளர் விடுதிகளிலும், கண்டி தேசிய வைத்தியசாலையின் வைத்தியர் ஓய்வறையிலும் பேச்சு முழுக்க விமானச் சீட்டைப் பற்றித்தான் இருந்தது.

அரசு அப்போது ஒரு நடுவழியைத் திறந்தது. 2022 ஜூனில் வெளியான 14/2022 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, அரச ஊழியர் ஐந்து வருடம்வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போய் வேலை செய்ய வழி செய்தது. சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பில்லை. மேலே பிரித்துப் பார்த்த இரண்டு கணக்குகளில், உண்மையான விலையை அது ஒரே கையெழுத்தில் தள்ளுபடி செய்தது. இருப்பதா, போவதா என்ற கேள்வி, போய்ப் பார்ப்பதா என்று சுருங்கியது.

திறந்த கதவுக்கும் ஒரு பக்க விளைவு இருக்கிறது. டேனியல் கில்பர்ட், ஜேன் எபர்ட் இருவரும் ஹார்வர்டில் செய்து 2002இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்கள் தாம் எடுத்த இரண்டு நிழற்படங்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிட வேண்டும். ஒரு குழு அன்றே இறுதி முடிவு எடுக்க வேண்டும். மற்றக் குழு சில நாட்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். மாற்றிக்கொள்ளும் உரிமை இருந்தவர்களுக்குத் தம் படம் குறைவாகவே பிடித்தது. திரும்ப வழியில்லாதவர்கள் கையில் உள்ளதோடு ஒத்துப்போனார்கள். ஐந்து வருட விடுமுறையில் டோஹாவிலோ மெல்பேணிலோ இருக்கும் ஒருவர், அங்கும் ஒட்டாமல் இங்கும் ஒட்டாமல் நிற்பது பலவீனத்தால் அன்று. ஆகவே திறந்த கதவோடு போகிறவர், எந்தத் திகதிக்குள் தீர்மானிப்பது என்பதையும் தானே குறித்துக்கொண்டு போவது நல்லது.

எல்லோருக்கும் இந்தக் கதவு கிடைப்பதில்லை. மிச்சலும் சக ஆய்வாளர்களும் 2001இல் சொன்ன 'வேரூன்றல்' கோட்பாடு, ஒருவரை வேலையில் கட்டி வைப்பவை மூன்று என்கிறது: உறவுகள், பொருத்தம், போனால் இழப்பது. கண்டி நகரில் பிள்ளைக்கு முதலாம் வகுப்பில் இடம் எடுத்துவிட்ட தகப்பனுக்கு மூன்றாவது கயிறு இறுக்கம். தோட்டத்தில் அது கழுத்துவரை இறுகும். லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் போட்டால்தான் அங்கே இருக்கலாம் என்பது நெடுநாள் வழக்கம். வேலையை விடுவது வீட்டை விடுவதாகிறது. பொடியன்கள் கொழும்புக் கடைகளுக்குப் போக, தாய்மார் மலைக்குப் போய்க்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். துண்டு முறை ஒழிந்து நூறு வருடம் கழிந்தும் அவர்களுடைய பற்றேட்டில் மட்டும் உண்மையான விலையின் பக்கம் நிறைந்தே கிடக்கிறது. அதைக் குறைப்பது தனிமனித மனத்திடத்தின் வேலையன்று. காணி உறுதியும் வீட்டு உரிமையும் செய்ய வேண்டிய வேலை.

கடிதம் எழுதுமுன்

அல்பர்ட் ஹேர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலில், அதிருப்தி கொண்டவருக்கு விலகல் மட்டுமே வழியாக இருப்பதில்லை, குரல் கொடுப்பதும் உண்டு என்றார். கோரிக்கையை எழுத்தில் கொடுப்பது, சங்கத்துக்குப் போவது, இடமாற்றம் கேட்பது எல்லாம் குரல்தான். கேட்டுப் பார்க்காமலே விலகுகிறவர்கள் அதிகம். கேட்டதற்கு வந்த பதிலே பலருக்கு முடிவைச் சொல்லிவிடும்.

ஆய்வுகள் இதுவரை காட்டியதைத் தொகுத்தால் தீர்ப்பு இப்படி வருகிறது. துன்பத்தின் வேர் வேலையில்தான் என்று பெயர் சொல்ல முடிகிறது, குரல் கொடுத்தும் பலன் இல்லை, மாதக்கணக்கில் சரிபாதித் தவிப்பு, ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்போ அடுத்த வேலையோ இருக்கிறது என்றால், சான்றுகள் போகும் பக்கமே சாய்கின்றன. கையிருப்பு இல்லாதவருக்கு எந்த ஆய்வும் 'விடு' என்று சொல்லவில்லை. அவர் முதலில் தேட வேண்டியது அடுத்த வேலையை. உறக்கம் கெட்டு, உயிர் வாழ்வதே சலித்துப்போன நிலையென்றால் அது வேலை பற்றிய முடிவு எடுக்கும் நேரமும் அன்று. வைத்தியரைப் பார்க்க வேண்டும். தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926.

மற்றவர்கள் இன்றிரவே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நியமனக் கடிதத்தை எடுத்து, சேர்ந்த திகதியையும் முன்னறிவித்தல் காலத்தையும் பாருங்கள். ஐந்து வருடம் என்றைக்கு நிறைகிறது என்று குறித்து வையுங்கள். சேமலாப நிதி மாதாமாதம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறதா என்பதை வேலையில் இருக்கும்போதே தொழில் திணைக்களத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.